மேகம் குடித்த பொடி

மருந்துப் பொடி அரைக்கிற தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு: உள்ளே போட்டதும் பொடி, வெளியே எடுத்ததும் பொடி, நடுவில் என்ன வேலை நடந்தது என்று யாருக்கும் காட்ட முடியாது. பார்க்கிற வேலையை அடுத்தவருக்கு விளக்கத் தெரியாமல் முழிக்கிறவர்களே, இது நம்ம பாடுதான். கேளுங்க.

கலப்படம்

கொல்லிமலையில் ஒரு பழைய மரவள்ளிக் குடோன்தான் எங்கள் கம்பெனி. மிளகின் காரச் சத்தைத் தனியாகப் பிரித்த பொடி ஒன்று வரும். அது வயிற்றில் லேசில் கரையாது. அதோடு ஒரு புளிப்புப் பொடியைச் சேர்த்து, இரும்புக் குண்டுகள் போட்ட ஜாடியில் அடைத்து, சில சொட்டு ஆல்கஹால் விட்டு உருட்டினால், இரண்டும் கைகோத்துப் புதுப் படிகமாகிவிடும். அது நன்றாகக் கரையும். இதையே பழைய முறையில் செய்தால் பொடியைக் கரைக்கப் பீப்பாய் பீப்பாயாகச் சால்வென்ட் வேண்டும், காய்ச்ச நெருப்பு வேண்டும், மிஞ்சுகிற கழிவைக் கொட்ட இடம் வேண்டும். "நம்ம முறைக்கு இதெல்லாம் வேண்டாம். டேங்கர் ஏற முடியாத மலையிலகூடச் செய்யலாம்" என்பார் ரேவதி மேடம். அவர்தான் எங்கள் கெமிஸ்ட், மேலதிகாரி எல்லாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு நன்றாகப் புரியும். அறையை விட்டு வெளியே வந்ததும் போய்விடும்.

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வியாபாரி ஒருவர், "என்ன வேலை கண்ணு பாக்கறே?" என்று கேட்டார். எனக்குச் சத்தமாகப் பேச வராது. சந்தை இரைச்சலில் அவர் காதோரம் குனிந்து, மிளகுச் சத்து, புளிப்புப் பொடி, ஜாடி, சொட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என்னைவிட மெதுவான குரலில் சொன்னார்: "மிளகோட இன்னொண்ணைச் சேத்தா அதுக்குப் பேரு கலப்படம் சாமி. வெளிய சொல்லிட்டுத் திரியாதே."

குழாய் தேடியவர்

கம்பெனிக்குக் கீழ்ப்புறம் பெரியண்ணனின் மிளகுத் தோட்டம். மருந்துக் கம்பெனி என்றதும் ஓடைக்கு விஷம் வந்துவிடும் என்று பயந்துபோய், ஒரு காலையில் கையில் அரிவாளோடு குடோனைச் சுற்றி வந்தார். என்னை வெட்ட இல்லை, புதர் வெட்ட. எங்கேயோ கழிவுக் குழாய் மறைந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. பின்பக்கச் செடிகொடியெல்லாம் சுத்தமாகிவிட்டது, குழாய் மட்டும் கிடைக்கவில்லை.

"அண்ணா, நம்ம முறையில கழிவுத் தண்ணியே கிடையாதுங்க" என்றேன். அப்படிச் சொன்னதும் அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. அவர் பார்த்த பார்வையில் எனக்கே, ஒருவேளை இருக்குமோ என்று தோன்றியது. போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "ஏனுங்க, சோறு திங்கற ஊட்ல கை கழுவுன தண்ணிகூடவா வராது?"

காயப்போட்டது

இதுவரை சிரித்தோம். இனி வயிற்றுப்பாடு. எங்கள் பொடியை வாங்கப்போகிற சென்னைக் கம்பெனி, மழைக்காலம் முடிவதற்குள் ஒரே மாதிரிப் படிகத்தைத் தொடர்ந்து எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தது. காட்டாவிட்டால் ஜாடி, மெஷின் எல்லாம் மலையை விட்டுக் கீழ்நாட்டுக்கு இறங்கிவிடும். நான் கூடவே பஸ் ஏறிப் போய்விடுவேன். என்னோடு மெஷின் பார்க்கும் செல்வி அக்காவால் முடியாது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி விழுந்த அவர் வீட்டுக்காரர் படுக்கையில் இருக்கிறார். மதியம் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருகிற தூரத்தில்தான் அக்காவுக்கு வேலை வேண்டும்.

முதல் பொடி அருமையாக வந்தது. அடுத்ததை ஜாடியிலிருந்து எடுத்தபோது லேசாக ஈரம். மேடமும் நானும் ஒரு நாழிகை இல்லாத நேரத்தில் அக்கா அதைத் தட்டோடு தூக்கிப்போய்ப் பாறைமேல் வெயிலில் பரப்பிவிட்டார். மலையில் மிளகோ சாமையோ, ஈரமாக இருந்தால் கால் தானாகப் பாறைக்குத்தான் போகும். வெயில் நின்றது, மேகம் இறங்கியது, பொடி அதைக் குடித்தது. என்ன படிகம் என்று பார்க்கச் சேலத்துக்கு அனுப்பி எடுத்த எக்ஸ்ரே கிராஃபில் யாரும் பார்த்திராத ஒரு படிகம். தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். மேடம் தலையில் கைவைக்க, அக்கா பாவமாகச் சொன்னார்: "ஈரத்தோட மூட்டை கட்டுனா பூசணம் புடிக்குமுங்க மேடம், அதான் ஒரு வெயில் காட்டுனேன்."

ஒட்டுவாரொட்டி

அதோடு முடிந்தால் பரவாயில்லை. அடுத்த பொடி பாறைப்பக்கமே போகவில்லை, ஆனாலும் அதே தண்ணீர்ப் படிகம். அதற்கடுத்ததும் அதே. புதுப் படிகத்தின் தூசு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தால் போதும், வருகிற பொடியையெல்லாம் தன் ஜாதியாக்கிவிடும் என்றார் மேடம். ஜாடி கழுவினோம். சுவர் துடைத்தோம். துணி மாற்றினோம். தலைக்கு உறை போட்டோம். கழுவுகிற தண்ணீர் ஓடுவதைப் பார்த்துப் பெரியண்ணன் வேலியோரம் வெற்றிப் புன்னகையோடு நின்றார்.

என்ன செய்தும் பழைய படிகம் வரவில்லை. முன்பு அதை எடுத்தோம் என்பதே கனவா என்று எனக்குக் குழப்பம். அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. உறைபோட்ட தலையோடு ஜாடியின் முன்னால் குந்தி, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அதனிடம் சொன்னார்: "நாந்தான தப்புப் பண்ணேன், என்னைய என்ன வேணாப் பண்ணு. பொடிய உடு சாமி."

வந்தது ஏன்?

சென்னைக்காரர் வருகிற வாரத்தில், எந்த அறிவிப்பும் இல்லாமல், பழைய படிகம் வந்துவிட்டது. கிராஃபைப் பார்த்து மேடம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். அன்று காற்று வறண்டிருந்தது. நடுவில் கரண்ட் போய் ஜாடி பாதியில் நின்றது. மூடிக்குப் புது ரப்பர் போட்டிருந்தோம். எது காரணம்? மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை.

வந்தவர் எல்லா கிராஃபையும் பார்த்துவிட்டு, "எப்படித் திரும்பக் கொண்டுவந்தீங்க?" என்றார். அக்காதான் முந்திக்கொண்டு சொன்னார்: "கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ளை மாதிரிங்க சார். ஏன் போனாருன்னும் சொல்லமாட்டாரு, ஏன் வந்தாருன்னும் சொல்லமாட்டாரு." சென்னைக்காரர் சிரிக்கவில்லை. அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சென்னைக்காரர் மேடத்திடம் சொன்னார்: "இந்தக் குழப்பத்தோட மெஷினைக் கீழ இறக்கினா, அங்கயும் இதேதான் நடக்கும். காரணம் முழுசாப் புரியற வரைக்கும் இங்கிருந்து எதையும் அசைக்காதீங்க, யாரையும் மாத்தாதீங்க."

ஆகவே எங்களுக்குச் சம்பளம் வருவது காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் என்றாலும், ரேவதி மேடம் "இப்பப் புரியற மாதிரி இருக்கு" என்று சொல்லும்போதெல்லாம் செல்வி அக்காவும் நானும், "எதுக்கும் இன்னொரு தடவை உருட்டிப் பாத்துருலாமுங்க மேடம்" என்கிறோம்.