பத்துக் கட்டில், ஒரு புகார்காரர்

1. பால்மானி

முப்பது வருடம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் டெஸ்டராக இருந்தேன். கேனில் பால்மானியை விட்டு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்வது வேலை. ஓய்வு பெற்ற பிறகு, குணமாக்க முடியாத நோய் வந்தவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லங்களின் தரத்தை மதிப்பிடும் வேலைக்கு வந்தேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி கேட்டாள். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

திருச்சியில் ஒரு டிரஸ்ட். இப்படிப்பட்ட இல்லங்களுக்கு நர்ஸ் சம்பளம், மருந்துச் செலவு எல்லாம் கொடுக்கிறது. இன்டர்வியூவில் அதன் பொறுப்பாளர் மேடம் கேட்டார்:

"குவாலிட்டியில எத்தன வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சார்?"

"முப்பது வருஷம் மேடம்."

எதனுடைய குவாலிட்டி என்று அவர் கேட்கவில்லை. பயோடேட்டாவில் இரண்டாம் பக்கம் எழுதியிருந்தேன். அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கும் கிடையாது.

பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டர் விளக்கமாகப் பாடம் நடத்தினார். வலி தெரியாமல் வைத்திருப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, கௌரவம் குறையாமல் பார்த்துக்கொள்வது. முடித்துவிட்டு, "டவுட் இருந்தா கேளுங்க" என்றார். நான் எழுந்து, "இந்த இல்லங்கள்ல குணமாகி வீட்டுக்குப் போறவங்க சதவீதம் எவ்வளவுங்க சார்?" என்று கேட்டேன். டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீ பிரேக் விட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் இதைவிட மோசமாக ஆரம்பிக்க முடியாது. தைரியமாக வரலாம்.

2. மணமகள் அறை

எனக்குக் கொடுத்த முதல் இல்லம் திருவரங்குளம் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் என் வீட்டு வாசலில் டவுன் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் மாறி, இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். ஓடாமல் போன ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து இல்லமாக மாற்றியிருந்தார்கள். வாசலில் 'நல்வரவு' அப்படியே இருந்தது. மருந்து வைத்திருக்கும் அறைக் கதவின் மேல் 'மணமகள் அறை' என்று எழுதியிருந்தது. மார்ஃபின் மாத்திரை அந்த அறையில்தான், இரட்டைப் பூட்டுக்குள். மணமேடை இருந்த ஹாலில் பத்துக் கட்டில்.

பொறுப்பு நர்ஸ் செலின். ஆவூர்ப் பக்கத்துப் பெண். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். சமையலுக்கு ராக்காயி அக்கா.

மதிப்பீட்டில் முதல் வேலை, படுத்திருப்பவர்களிடம் பேசுவது. வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். முதல் கட்டிலில் இருந்த அம்மா என் கையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, "பெரிய மனசு பண்ணி நீங்களே பாத்துப் போட்டுக்கங்கய்யா" என்றார். அடுத்த கட்டில்காரர் "பத்து" என்றார். பதறிப்போய், "அவ்வளவு வலிக்குதாங்க?" என்றேன். "இல்லங்க, இவங்களுக்கு நான் குடுக்கிற மார்க்கு" என்றார்.

சாப்பாடு எப்படி, கவனிப்பு எப்படி, ஏதாவது குறை உண்டா என்று கேட்டால் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "ஒரு கொறையும் இல்லீங்க. தெய்வம் மாதிரி பாத்துக்கிறாங்க." ஒன்பது கட்டிலிலும் இதே பதில். முப்பது வருட அனுபவத்தில் தண்ணீர் கலக்காத பால் என்று ஒன்பது பேர் தொடர்ந்து சொல்லி நான் கேட்டதே இல்லை.

3. பத்தாவது கட்டில்

பத்தாவது கட்டிலில் மரியசூசை. டிராக்டர் டிரைவராக இருந்தவர். இடுப்பு எலும்பில் கேன்சர் பரவியிருந்தது. மனைவி இல்லை. மகன் மலேசியாவில். பெரிய வெள்ளை மீசை.

"யாருய்யா நீ?"

"இங்க எப்படிக் கவனிச்சுக்கிறாங்கன்னு கேக்க வந்திருக்கேங்க."

"இதுக்கு முன்னாடி என்ன வேல பாத்த?"

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "பால் டெஸ்டருங்க" என்றேன்.

"அப்ப இங்கிட்டு உக்காரு பால்காரரே. பேனாவுல மை இருக்கா பாத்துக்க."

ஆரம்பித்தார். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. தலையணை பாறாங்கல். ஃபேன் போடுகிற சத்தத்துக்கு அவருடைய பழைய டிராக்டரே தேவலை.

"இந்தா போறாளே செலினு, மாத்திர குடுக்கிறப்ப, வாயத் தொற, வாயத் தொறன்னு வாத்திச்சி மாதிரி அதட்டுறா. குளிப்பாட்டுறப்ப தண்ணி சுடுதும்பேன், பச்சத் தண்ணிய ஊத்துவா. குளுருதும்பேன், சுடுதண்ணிய ஊத்துவா. நான் என்ன மனுசனா, அண்டாவா?"

எதிர்க் கட்டிலில் ஒருவருக்கு டிரெஸ்ஸிங் செய்துகொண்டே செலின் குரல் கொடுத்தார். "நேத்து கஞ்சியில முடி கெடந்துச்சுன்னு ஊரக் கூட்டுனீங்களே மாமா, அத விட்டுட்டீங்க."

"ஆமா. எழுது, முடி."

"அது ஒங்க மீச முடின்னு அதையும் எழுதிக்கங்க சார்."

மரியசூசை என் பக்கம் திரும்பி, "பாத்தியா, எதுத்துப் பேசுறா. எழுது" என்றார்.

பதினேழு புகார் எழுதினேன். உண்மையில் பன்னிரண்டுதான். சாம்பாரை உப்பு, பருப்பு, சூடு என்று மூன்றாகப் பிரித்தேன். வேறு சிலதையும் அப்படியே பிரித்தேன். முதல் ரிப்போர்ட், கொஞ்சம் கனமாக இருக்கட்டுமே என்ற ஆசை. பஸ்ஸில் திரும்பும்போது, கடைசியில் ஒரு உண்மை பேசுகிற ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

4. ஸ்கோர்

அடுத்த வாரம் திருச்சியிலிருந்து மேடம் போன் செய்தார்.

"ரொம்ப நுணுக்கமா எழுதியிருக்கீங்க சார். தேங்க்ஸ். இந்த இல்லத்த நிறுத்திரலாம்னு பாக்குறோம்."

"எதுக்கு மேடம்?"

"மத்தவங்க போய்ப் பாத்த எடத்துலயெல்லாம் புகாரே இல்ல. இங்க மட்டும் பதினேழு. இவங்களுக்குக் குடுக்கிறத வேற இல்லத்துக்குக் குடுத்தா உபயோகமா இருக்கும்ல? நானே ஒரு தடவ நேர்ல வந்து பாத்து முடிவு பண்ணிர்றேன்."

போனை வைத்த பிறகு, அந்த மூன்று சாம்பாரும் என் கண் முன்னால் வந்தன.

செலினுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

"மாமா இங்க வந்தப்ப பேசவே மாட்டாரு சார். அவரு தம்பி வீட்டு வயல்ல, பம்புசெட்டு ரூமுல படுக்க வச்சிருந்தாங்க. அவங்கள கொற சொல்ல முடியாது, அவங்களுக்கு என்ன தெரியும்? வலி, வெறும் வலி. என்ன கேட்டாலும் பரவால்ல, பரவால்லம்பாரு. மருந்து செட்டாக ஒரு வாரம் ஆச்சு. ஒருநா காலையில மொத மொதல்ல வாயத் தொறந்து, 'இது கஞ்சியா, கழனித் தண்ணியா'ன்னாரு. ராக்காயி அக்கா அன்னிக்கு பத்துக் கட்டிலுக்கும் கேசரி கிண்டுச்சு சார்."

போனை அடுத்த காதுக்கு மாற்றி, ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"மூடிட்டா மத்தவங்கள எப்படியாச்சும் வீட்டுல சேத்துருவேன். மாமாவுக்கு மறுபடி அந்தப் பம்புசெட்டு ரூமுதான்" என்றார்.

5. மேடம் வந்த நாள்

மேடத்தைப் புதுக்கோட்டையிலிருந்து காரில் அழைத்துப் போனேன். வழியெல்லாம் கேசரிக் கதையைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷி. கவனமாகக் கேட்டார்.

"மனச என்னமோ பண்ணுது சார். ஆனா நம்ம படிவத்துல கேசரிக்குக் கட்டம் இல்லையே" என்றார்.

இல்லத்துக்குள் நுழைந்ததும் ராக்காயி அக்கா என்னை ஓரமாக இழுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கவலப்படாதீங்க சார். மரியசூசை அண்ணங்கிட்ட நான் பேசிட்டேன். ஒங்க வாயாலதான் இந்த எடத்தையே மூடப் போறாங்க, இன்னிக்கு ஒரு நா வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்கன்னேன். காலையில இட்லி எப்படின்னு கேட்டதுக்கு, நல்லாருக்குன்னுட்டாரு!"

எனக்கும் உயிர் வந்தது. மேடம் கட்டில் கட்டிலாக வந்தார். செலின் ஹாலின் இன்னொரு கோடியில், ஆழமான புண் ஒன்றுக்கு டிரெஸ்ஸிங் செய்துகொண்டிருந்தார். காலையிலிருந்து அங்கேதான்.

மேடம் பத்தாவது கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, ஒங்களுக்கு இங்க ஏதாவது கொற இருக்கா?"

மரியசூசை கண்ணைத் திறந்தார். "ஒரு கொறையும் இல்லீங்கம்மா" என்றார். "எல்லாம் நல்லாருக்கு. தெய்வம் மாதிரி பாத்துக்கிறாங்க."

நான் மேடத்தை ஒரு பார்வை பார்த்தேன். எப்படி நம்ம ஆள், என்கிற பார்வை.

ஹாலின் அந்தக் கோடியில் செலின் நிமிர்ந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"என்ன சொன்னீங்க மாமா?"

"நல்லாருக்குன்னேன்."

"ஃபேனு?"

"நல்லா ஓடுது."

"நானு?"

"நீயும் நல்ல பிள்ளதான்."

செலின் சட்டென்று போர்வையை விலக்கினார். மரியசூசையின் வலது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. தலையணைப் பக்கத்தில் தட்டு. காலை இட்லி, விண்டுகூடப் பார்க்காமல், அப்படியே இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. இவ்வளவும் எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நான் மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பலேருந்து மாமா?"

அவர் மேடம் பக்கம் பார்த்தார்.

"மாமா, எப்பலேருந்து?"

"விடியக்காலையிலேருந்து" என்றார். பிறகு மெதுவாக, "அந்தம்மா போகட்டும் ஆத்தா. அப்புறம் பாத்துக்கலாம். மூடிட்டாங்கன்னா இவங்கள்லாம் எங்கிட்டுப் போவாங்க?"

செலின் மேடத்தைப் பார்த்தார். "மேடம், கொஞ்சம் வெளிய இருங்க. சார், நீங்களும்." மணமகள் அறைக்கு ஓடினார். பூட்டுச் சத்தம் கேட்டது. போனில் டாக்டரிடம் பேசியபடியே எஸ்.ஓ.எஸ். டோஸை எடுத்து வந்தார். வழக்கமான மாத்திரையைத் தாண்டி வலி ஏறினால் கொடுப்பதற்கென்று டாக்டர் முன்னாலேயே எழுதிவைத்திருக்கும் டோஸ் அது. நாங்கள் 'நல்வரவு'க்குக் கீழே நின்றோம். ராக்காயி அக்கா அடுப்படி வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கூடப் பேசவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

முக்கால் மணி நேரம் போல ஆகியிருக்கும். செலின் கூப்பிட்டார். உள்ளே போனோம். கம்பியிலிருந்து கை இறங்கி, போர்வை மேல் விரிந்து கிடந்தது. மேடம் சத்தமில்லாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

மரியசூசை கண் திறக்காமலே பேசினார். "யாரு அது, காத்து வர்ற வழிய மறிச்சுக்கிட்டு?"

மேடம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"பைய எடுக்கச் சொல்லு பால்காரரே. என் காலு மேல கெடக்கு. உள்ள என்ன, செங்கல்லா?"

மேடம் பையை எடுத்துக்கொண்டார்.

"இட்லி காலையில சுட்டது. அத இப்ப எவன் திம்பான்?"

அடுப்படியில் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. ராக்காயி அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. செலின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தேவையே இல்லாமல் ஒரு மருந்துப் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார்.

காரில் திரும்பும்போது கைக்குறிச்சியைத் தாண்டினோம். அப்புறம் மேடம் கேட்டார்: "புகாரே இல்லன்னு சொன்ன மத்த இல்லத்துக்கெல்லாம் நீங்க எப்ப சார் போறீங்க?"

"நாளைக்கே போறேன் மேடம்."

"போனா கையப் பாருங்க சார். வாயக் கேக்காதீங்க."

பிறகு, "ஆமா, பால்காரரேன்னு ஒங்கள ஏன் கூப்பிட்டாரு?" என்றார்.

பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்தை அன்றுதான் திருப்பினோம்.

6. தெரிந்துகொண்டது

அந்த இல்லத்துக்குப் பணம் நிற்கவில்லை. மற்ற இல்லங்களுக்கும் போனேன். கும்பிடுகிற கைகளைப் பிடித்துப் பார்த்தேன். சில இடங்களில் அந்தக் கைகள் சில்லென்று வேர்த்திருந்தன. அங்கெல்லாம் செலினை அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு நடந்தது. படிவமும் மாறியது. 'எத்தனை புகார்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், 'புகார் சொன்னவரிடம் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. கேசரிக்கு இன்னும் கட்டம் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நம் ஆட்கள் பேனா வைத்திருப்பவனிடம் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள்; மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். திட்டுவதற்கு உடம்பில் கொஞ்சம் நிம்மதி வேண்டும். திட்டினாலும் நாளைக்கு வந்து குளிப்பாட்டுவாள் என்ற நம்பிக்கை அதைவிட அதிகம் வேண்டும். அந்த இரண்டையும் கொடுக்கும் இடம் நல்ல இடம். வழக்கமாகத் திட்டுகிற ஆள் ஒருநாள் 'நல்லாருக்கு' என்றால், அதைக் கட்டத்தில் எழுதாதீர்கள். நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மரியசூசை அதற்குப் பிறகு சில வாரங்கள்தான் இருந்தார். நான் கடைசியாகப் பார்க்கப் போனபோது குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது. செலின் காதை அவர் வாயருகே வைத்துக் கேட்டு, எனக்குச் சொன்னார்.

"பால்காரரு வந்தா பேசிப் பேசியே தூக்கத்தக் கெடுக்குறாருங்கிறாரு சார்."

கையைப் பார்த்தேன். தளர்வாக, விரிந்து கிடந்தது.

அந்தப் புகாரை நானே எழுதி, நானே கையெழுத்தும் போட்டேன். புகார்: மதிப்பீட்டாளர் அதிகம் பேசுகிறார். எடுத்த நடவடிக்கை: இன்றுவரை இல்லை.