அண்ணன் குடித்ததில்லை

ஞாயிறு மாலை ஆறு நாற்பது.

கொல்லயில் என்ற ஊரில் ஒரு கல்யாண வீடு. பந்தலிலிருந்து வெளியே வந்த என் மகன், எதிரே நின்ற பெரியவர் மேல் மோதி, படியில் தடுமாறி விழுந்தான். வயது பத்தொன்பது. ஓடிப்போய்த் தூக்கினேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை... அவன் வாயை முகர்ந்து பார்த்தேன்.

பிரியாணி வாசனை மட்டும்தான்.

"இருட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சின்னதுலேருந்தே இப்பிடியாக்கும். நீ ஏசுவியேன்னு சொல்லல்ல."

திருவனந்தபுரத்தில் கண் டாக்டர் படம் வரைந்து, மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்றே தனிச் செல்கள் உண்டு. முதலில் அவைதான் அணைகின்றன. பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வரும். காரணம், எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனாக இருக்கலாம். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆணுக்கு இருப்பதே ஒன்று. அதையும் அம்மாவிடமிருந்துதான் வாங்குகிறான்.

அம்மா – அது நான்தான்.

என் பக்கத்து ஆண்களில் யாருக்காவது அந்தியில் தடுமாற்றம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்...

அண்ணன்!

வாலிபத்தில் பொழுது சாய்ந்தால் வேலியில் முட்டுவார், ஓடையில் விழுவார். எங்களுடையது மதுவைத் தொடாத பழைய மிஷன் சபைக் குடும்பம். அப்பா தினமும் அவர் வாயை முகர்வார். வாசனை இருக்காது. ஏலக்காய் மென்று மறைக்கிறான் என்று முடிவு செய்தோம் – நானும்தான். குற்றவாளி யார் என்று தீர்மானித்துவிட்டால், ஆதாரம் இல்லாததே ஆதாரமாகிவிடுகிறது, இல்லையா?

சபைப் பாடகர் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். அண்ணன் அம்பூரி மலைப்பக்கம் போய் ரப்பர் பால் வெட்டினார். அங்கே விடியுமுன் எல்லோருமே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள்.

மகனின் ரத்தத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அதுதான் காரணம் என்று உறுதி செய்ய, அண்ணன் ரத்தமும் வேண்டும் என்றார் டாக்டர். உறுதியாகாமல், வரப்போகும் எந்தச் சிகிச்சைக்கும் மகன் பெயரைக் கொடுக்க முடியாதாம்.

இருபத்தைந்து வருடம் கழித்து அண்ணனுக்கு போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"வர முடியுமான்னு பாக்கட்டு" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரம் தினமும் அந்தியில் தென்னந்தோப்பில் போய் நின்றேன். விரல்களைச் சுருட்டிக் கண்ணில் வைத்து, மகனின் கண்ணால் பார்க்க முயன்றேன். மரங்கள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கரைந்தன. கடைசியில் ஒரே ஒரு தென்னை, தண்ணீரில் நிற்பதுபோல அசைந்துகொண்டிருந்தது. கையை எடுத்தால் எனக்குத் தோப்பு திரும்பி வந்துவிடுகிறது... அவனுக்கு?

வெள்ளி காலை எட்டு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. டிரைவர் கைபிடித்து இறக்கிவிட, அண்ணன் வந்தார். என்னைக் கடந்து, சுவரைத் தடவி உள்ளே போனார். மகன் குரல் வந்த பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மக்கா, வானத்துல நட்சத்திரம் கெடக்குன்னு எல்லாவனும் சொல்லுதானே... நீ கண்டதுண்டா?"

"இல்ல மாமா."

"நானும் இல்ல. சும்மா புளுகுதானுவன்னு நெனச்சேன். வா, ரத்தம் குடுத்துட்டு வருவோம்."