கச்சான் காற்று புரட்டிய பக்கம்

எங்கள் சபையின் மனன வசனப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து முதற்பரிசு வாங்கியவள் என் மகள் அபிஷா. பரிசு கொடுத்தவள் நான். ஞாயிறு பாடசாலை ஆசிரியை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அந்த மூன்று வருடமும் எனக்குத் தெரியாது. பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சாட்சி சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

நான்காம் தரம், இரண்டாம் தவணை. காலையில் சீருடையைக் கண்டாலே அபிஷா சாப்பிட்டதைச் சத்தி எடுத்தாள். சொல்வதெழுதலில் பூச்சியம். படிக்கப் பஞ்சி பிடித்த சோம்பேறி என்று நினைத்துத் தலையில் குட்டினேன். அந்த நேரம்தான் வகுப்பாசிரியை என்னைப் பாடசாலைக்குக் கூப்பிட்டார்.

“பிள்ளை வாசிக்கிறா இல்லை. மற்றப் பிள்ளைகள் வாசிக்கிறதைக் கேட்டு மனப்பாடமாக்கிச் சொல்லுறா. விசேட கல்வி ஆசிரியரிட்ட ஒருக்கா காட்டுவம்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வேதத்தைப் பார்த்துச் சங்கீதத்தைப் பிழையில்லாமல் சொல்கிற பிள்ளைக்கா வாசிக்கத் தெரியாது? விசேட கல்வி அலகு கடைசிக் கட்டடத்தில் இருந்தது. அங்கே போகிற பிள்ளைகளைப் பற்றி ஊர் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் கதைத்தும் இருக்கிறேன். அவர் நீட்டிய சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்காமலே ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அந்த வாரம் முழுவதும் மத்தியானச் சாப்பாட்டை விட்டு ஜெபித்தேன். ஆண்டவரே, உண்மை எதுவென்று காட்டும் என்று கேட்டேன். ஜெபம் என்றுதான் பெயர். உண்மையில் அது அந்த ஆசிரியைக்கு எதிராக நான் கொடுத்த முறைப்பாடு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் குடும்ப ஜெபம். வழக்கம்போல நான் ஒரு சங்கீதத்தை முதலில் வாசித்துக் காட்டிவிட்டு வேதத்தை அபிஷாவிடம் கொடுத்தேன். அவள் வரியின் கீழ் விரலை வைத்து வாசித்துக்கொண்டு போனாள். திறந்த யன்னலால் தென்மேற்குக் கச்சான் காற்று வந்து தாள்களைப் புரட்டியது. அவள் நிறுத்தவில்லை. விரலும் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். விரலின் கீழே இருந்தது வம்ச அட்டவணை, வெறும் பெயர்கள். வாயில் வந்துகொண்டிருந்தது சங்கீதம்.

நான் புத்தகத்தை மூடினேன்.

“எழுத்து எனக்கு நிக்குதில்லை அம்மா. நீங்க ஒருக்கா வாசிச்சா எனக்குப் பாடம்” என்றாள்.

காற்று என்பவர்கள் காற்று என்று சொல்லட்டும். நான் கேட்டேன், அவர் காட்டினார். நான் நினைத்த உண்மையைக் காட்டவில்லை, அவ்வளவுதான். பிள்ளையைக் குட்டிய கையை நினைக்க வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை போய்க் கையெழுத்து வைத்தேன். விசேட கல்வி ஆசிரியர் முதலில் ஆஸ்பத்திரியில் கண்ணையும் காதையும் பார்த்துவரச் சொன்னார். இரண்டிலும் குறையில்லை. பிறகு என்னையும் பக்கத்தில் இருத்தி எழுத்து எழுத்தாகச் சோதித்தார். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதுதான் அவளுக்குச் சிரமம், கேட்டதை அப்படியே பிடிக்கிற கெட்டித்தனம் அதை இவ்வளவு நாளும் மறைத்துவிட்டது என்றார். வாரத்தில் மூன்று நாள் ஒரு பாடவேளை அவரிடம். மற்ற நேரமெல்லாம் தன் வகுப்பில். தட்டில் மணல் பரப்பி, ஒலியைச் சொல்லிச் சொல்லி விரலால் எழுதினாள். தவணைப் பரீட்சையில் வகுப்பாசிரியை கேள்விகளை அவளுக்கு வாசித்துக் காட்டினார். சத்தி எடுப்பது தானாக நின்றது.

ஒன்றரை வருடம் சென்றது. இப்போது ஞாயிறு பாடசாலையில் போட்டிக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே, புதிதாக ஒரு பக்கத்தை வாசிக்க வைத்துப் பார்க்கிறேன். உங்களையும் பாடசாலையில் இருந்து கூப்பிட்டால் என்னைப் போல ஆசிரியைக்கு எதிராக ஜெபிக்காதீர்கள். ஆண்டவரை நம்பிப் போய்க் கையெழுத்து வையுங்கள். அவர் கைவிடமாட்டார்.

போன ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டுமென்று அபிஷாவே கேட்டாள். எடுத்தது அதே வம்ச அட்டவணை. ஏனம்மா அதை எடுத்தனீ என்று கேட்டேன்.

“அது ஒருத்தருக்கும் பாடமில்லைத்தானே” என்றாள்.

பல பெயர்களில் தடக்கினாள். சபை பொறுமையாகக் காத்திருந்தது. கடைசிப் பெயரும் முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். வெறும் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு சபை ஆமென் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.