ஆசாரி செய்த ஸ்பீக்கர் பெட்டிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. பச்சை மண்ணில் வார்த்த பொம்மைகளையும் ஃப்யூஸ் கட்டைகளையும் சூளைக்கு அனுப்புமுன் காய வைக்கும் அறை என் பொறுப்பு. சாவி என் இடுப்பில் இருக்கும். அது வேறொருவர் இடுப்பில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வேலை முடிந்தால் எனக்கு ரேடியோப் பைத்தியம். பழைய ஸ்பீக்கர்களை வாங்கிப் பழுது பார்ப்பேன். ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெட்டி சரியில்லை என்றால் தகர டப்பாவுக்குள் யாரோ கத்துவதுபோல இருக்கும். பெட்டிக்கு ஆள் தேடியபோது கிடைத்தவர்தான் அந்த ஆசாரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் கம்பெனிச் சரக்கை வெளியூர் அனுப்பக் கள்ளிப்பெட்டி அடிப்பவர். மட்டமான பலகை, வைக்கோல், நாலு ஆணி, அவ்வளவுதான் அவருடைய நாள். ஆனால் தேக்குச் சட்டத்தில் ஓர் ஆணிகூட இல்லாமல் பல்லுக்குப் பல் கோத்து அவர் செய்து தந்த முதல் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். இந்தக் கையை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் கள்ளிப்பெட்டி அடிக்கிறார் என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் அதில் பாட்டுக் கேட்டுவிட்டு, தீபாவளி வியாபாரத்துக்குத் தன் கடையில் வைக்க ஒரு ஜோடி கேட்டார். "நல்லா அமைஞ்சுதுன்னா திட்டக்குடி, பெண்ணாடத்துல எங்க ஆளுங்க நாலஞ்சு பேரு கேப்பாங்க. நானே சொல்லிவுடறேன்" என்றார். அன்று ஆசாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. தனியாகப் பட்டறை போடப்போவதாக மனைவியிடமும் சொல்லிவிட்டார்.

பெட்டிகள் தயாராயின. மழையும் பிடித்துக்கொண்டது. மூட்டுகளுக்குக் காய்ச்சி ஊற்றிய வஜ்ரப் பசை இறுகவில்லை. அரக்குப் பாலிஷ் ஈரக் காற்றில் வெள்ளை பூத்தது. ஆசாரி வீடு ஒழுகும் என்பதால் பெட்டிகளை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். "நாலு நாளு அப்புடியே வுட்டுடுங்க தம்பி. தானா காயட்டும், தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவசரக்குடுக்கை. மண்ணையே காய வைக்கிறோம், மரத்தைக் காய வைக்க முடியாதா என்று ஒரு மேதாவித்தனம். எது ஈரமாக இருந்தாலும் சூளைப் பக்கம் கொண்டுபோவது பேட்டைக்காரர்கள் வழக்கம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து வடகம் வரை எல்லாம் அங்கே காய்ந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனியில் ஆளில்லை, முந்தின நாள் அணைத்த சூளையின் சூடு மட்டும் காய வைக்கும் அறையில் இருந்தது. பெட்டிகளைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுபோய் அறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

பிற்பகலில் திறந்தால், பாலிஷ் அப்பளம்போலக் கொப்பளித்திருந்தது. சூட்டில் வஜ்ரம் இளகி மூட்டுகள் வாயைத் திறந்திருந்தன. ஒரு பலகை வளைந்தே போயிருந்தது. மறுபடியும் சாக்கில் சுற்றினேன். ஒன்றும் நடக்காததுபோல வீட்டில் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

மறுநாள் வந்து பார்த்த ஆசாரி மூட்டுகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "வஜ்ரம் பதம் தப்பிப்போச்சு தம்பி. என் தப்புதான்" என்றார். 'இல்லை அண்ணே, நான்தான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். சொந்த வேலைக்கு அறையைத் திறந்தது முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். ஆசாரி யாரிடமும் சொல்கிறவர் இல்லை. அவர் முன்னால் முட்டாளாக நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அதுதான் நிஜம்.

இருவருமாகப் பாயிடம் போனோம். பண்டிகைக்கு நாலு நாள்தான் இருந்தது. அவர் கோபப்படக்கூட இல்லை. "போவட்டும் வுடுங்க ஆசாரியாரே. கள்ளிப்பெட்டி அடிச்சுப் பழகுன கை, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தார். ஆசாரி தலை நிமிராமல் குடித்தார். பக்கத்தில் நான் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும், "என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சுக்காதீங்க தம்பி" என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் பெரிய மனது பண்ணி, பரவாயில்லை அண்ணே என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பட்டறைப் பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவே இல்லை. ஐந்தாறு வருஷம் கழித்து மகளுக்குக் கல்யாணம் வைத்தார். சீர்வரிசையில் கொடுக்கத் தானே செய்த கட்டிலைக் காட்ட என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். நல்ல தேக்கு, கச்சிதமான வேலை. ஆனால் ஒவ்வொரு மூட்டின் மேலும் மூன்று மூன்று ஆணி அடித்திருந்தார். ஆணி அடித்த மூட்டை மூட்டென்றே ஒருகாலத்தில் ஒத்துக்கொள்ளாத மனிதர் அவர்.

"பாக்க நல்லா இல்லதான்" என்று அவரே சொன்னார். "பொண்ணு போற வூட்டுல மானம் போவக் கூடாதில்லீங்களா? என் மூட்டு நிக்காதுன்னு எனக்குத்தான் தெரியுமே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கட்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆடவே இல்லண்ணே. ஆணி அடிச்சதும் நல்லதுதான்" என்றேன்.