பூமாரியைக் கேட்காமல்

ஷாலினுக்கு யாரையும் கேட்டுச் செய்கிற பழக்கம் கிடையாது. கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள், தங்கமானவள்! வல்லம் வடகால் சார்ஜர் கம்பெனியில் லைன் லீடராக இருந்து இருந்து அப்படி ஆகிவிட்டது. ஷிப்ட் முடிந்தால் பஸ் நிற்காது என்று லைனில் இருக்கிற எல்லோருக்கும் பதிவேட்டில் அவளே கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

பாலிடெக்னிக்கில் படித்த கம்ப்யூட்டரை அவள் விடவில்லை. பார்வையில்லாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. யார் யாரோ ஊர் ஊராக இருந்துகொண்டு எழுதிச் சேர்ப்பது. அதில் தமிழ் வாசிக்கும் பகுதியை மணிமங்கலத்து வீட்டில் உட்கார்ந்து ஷாலின் எழுதினாள். எண்களையும் தேதிகளையும் நாம் பேசுகிற மாதிரி சொல்லவைத்தது, அதே லைனில் வேலை பார்க்கும் தென்காசிக்காரி பூமாரி. அவள் அப்பாவுக்குக் கண் தெரியாது.

மென்பொருளை நடத்தும் அறக்கட்டளை மெயில் அனுப்பியது. புதிய பதிப்பில் சேர்க்க வேண்டுமானால் பதிப்புரிமையை அவர்களுக்கு எழுதித் தரவேண்டும். முழுவதும் நீங்களே எழுதியதா என்று ஒரு கேள்வி. ஷாலின் ஆமாம் போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாள். அந்தப் பதிப்பில் தன் பேர் வரப்போகிறது என்று தலைகால் புரியவில்லை அவளுக்கு.

கேண்டீனில் விஷயத்தைச் சொன்னதும் பூமாரி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“என் பங்கையும் சேத்தா எழுதிக் குடுத்திய?”

“இன்னாடி, சும்மா குடுக்குறதுதானே? இதுல உனக்கு இன்னா போச்சு?”

“சும்மா குடுக்கது வேற, எழுதிக் குடுக்கது வேறக்கா. நாளைக்கு அவுக அதைப் பூட்டி விலைக்கு வித்தா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

ஷாலினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். பஸ்ஸில் போகும்போதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே அறக்கட்டளைக்கு உண்மையை எழுதி அனுப்பினாள்.

பதில் வந்தது. மொத்தத்தையும் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பூமாரியும் எழுதிக் கொடுத்தால் மறுபடி சேர்ப்பார்களாம். மாட்டேன் என்றால், அவள் பங்கை அவளுடைய சொத்தாகவே, வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளும் தனி இணைப்பாக அவர்கள் தளத்தில் வைத்துக்கொள்ளலாமாம். ஆனால் எண் சொல்லத் தெரியாத ஷாலினின் பகுதியைத் தனியாகப் பதிப்பில் சேர்க்க மாட்டார்களாம்.

மறுநாள் ஷாலின் அந்த மெயிலைத் திறந்து போனைப் பூமாரி கையிலேயே கொடுத்தாள். “உன்னுது. நீயே முடிவு பண்ணு.”

பூமாரி இரண்டு தடவை படித்தாள். “எழுதிக் குடுக்க மாட்டேன்க்கா. தனியாவே இருக்கட்டும்.”

அப்படியானால் பதிப்பில் ஷாலினின் பேர் வராது. கெஞ்சலாம், கெஞ்சினால் அந்தப் பெண் இளகியும் விடுவாள். “சரிடி” என்றாள்.

பூமாரி போனிலேயே அந்தத் தனி இணைப்பின் பக்கத்தில், எழுதியவர் என்ற இடத்தில் தன் பேரை அடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“கூட ஒங்க பேரையும் போடட்டுமாக்கா?”

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எதையும் தொடாமல் காத்திருந்தாள்.