ஏழு சீட்டா, எட்டு சீட்டா

தென்காசி கார் ஸ்டாண்டில் இசக்கிப்பாண்டிக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். குற்றாலத்தில் குளித்துவிட்டு எண்ணெயும் தண்ணீருமாக வருகிறவர்களைத் துண்டு விரித்து உட்காரவைத்தே தலை நரைத்தவர். ஒரு வண்டிக்குள் எத்தனை பேரைத் திணிக்கலாம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார். அதில் கெட்டிக்காரர்தான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

மனைவி பேச்சித்தாய்க்கு வண்டி என்றாலே வயிறு புரட்டும். ஒல்லி என்பதால் எப்போதும் கடைசி சீட்டின் மூலைதான் அவளுக்கு. ஆரியங்காவு போகிற வளைவுகளில் குமட்டும்போது, முன்னால் இருப்பவர்கள் இறங்கி, சீட்டை மடக்கி வழி விடுவதற்குள் மானம் போய்விடும். ஐந்து வருஷமாக, "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு வேலை கெடக்கு" என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். சொந்த வண்டியில் ஒரே ஒரு தடவை நிம்மதியாகப் போய்வர வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

இந்தச் சாரல் சீசனுக்கு முன் புது வண்டி எடுக்க முடிவானது. ஷோரூமில் ஒரே மாடலில் இரண்டு வகை. ஒன்றில் நடு வரிசையில் மூன்று பேருக்கு நீள சீட். மொத்தம் எட்டுப் பேர். இன்னொன்றில் நடுவில் கைப்பிடி வைத்த இரண்டு தனி சீட், இடையே கடைசி வரிசைக்கு வழி, ஏழே பேர்.

"எட்டுதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் இசக்கிப்பாண்டி. ஆனாலும் ஆளை ஏற்றிப் பார்க்காமல் வாங்குகிறவர் இல்லை. தம்பி மணிமுத்து வீட்டில் நாலு பேர், தங்கை வீட்டில் மூன்று பேர், எல்லோரையும் வரவழைத்தார். புது வண்டி அல்லவா, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். ஸ்டியரிங்கில் இவர். எட்டும் கனகச்சிதம். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா ஏறலையா அண்ணாச்சி?" என்று கேட்டாள் விற்பனைப் பெண் நிவேதா.

பேச்சித்தாய் வெளியே எட்டு ஜோடிச் செருப்புக்குக் காவல் நின்றுகொண்டிருந்தாள். "நான் எதுக்கு? நீங்க பாருங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னாள். இசக்கிப்பாண்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரையே எண்ணி ஏற்றிய மனிதர், பெண்டாட்டியை எண்ணவில்லை.

இறங்கிப்போய் ஏழு சீட் வண்டியின் நடுக்கதவைத் திறந்தார். "ஏளா, இங்கன வந்து உக்காரு."

"இதுல ஒரு சீட்டு குறையுதே அண்ணே?" என்றான் மணிமுத்து.

"நீ பஸ்ஸுல வாலே."

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை தாண்டி மலை ஏறினார்கள். வளைவுகள் முடியும் நேரத்தில், நடு சீட்டிலிருந்து பேச்சித்தாய், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள். அவர் பதறி ஓரங்கட்டி, ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"என்னளா, வயித்தப் பெரட்டுதா?"

"பசிக்குது. அங்கன பழம்பொரி போடுதான், வாங்கித் தாங்க."