முன்னால் போகும் வண்டியிலும் கண்ணாடி

எங்கள் அத்தானுக்கு ஜன்னல் கண்ணாடிகளை வேனில் ஏற்றிப்போய் இறக்குகிற வேலை. ஆளுயரக் கண்ணாடிகளைச் சட்டத்தில் சாய்த்து, இடையே அட்டை செருகி, கயிறு கட்டிவிட்டால் பிரேக்கைக்கூடத் தடவிக் கொடுப்பதுபோலத்தான் மிதிப்பார். பள்ளம் வந்தால், "மெதுவா, மெதுவா" என்று கண்ணாடியோடு பேசுவார். அந்தக் கொஞ்சலெல்லாம் கண்ணாடிக்கு மட்டும்தான். குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வந்துவிட்டால் போதும், அதை ஓட்டுகிறவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டுத்தான் கியர் மாற்றுவார். கண்ணாடிக் கடையில் அவருக்குப் பெயரே 'ஹாரன்'.

வேனின் முதுகில் முதலாளி தன் கைப்பேசி எண்ணை எழுதிவைத்திருந்தார், ஓட்டுநர்மேல் புகார் இருந்தால் சொல்வதற்கு. ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். "இன்னொரு போன் வந்துச்சுன்னா சாவியக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு" என்றார் முதலாளி. அக்கா வீட்டில் அத்தான் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

அக்கா என்னைப்போல வாயாடி இல்லை. தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, முன்னால போற வண்டியிலயும் கண்ணாடி ஏத்தியிருக்குன்னு நெனச்சுக்கோங்களேன்."

"ஸ்கூட்டர்ல எங்கடி கண்ணாடி ஏத்துவான்?"

"நெனச்சுக்கத்தானே சொல்றேன். காசா, பணமா?"

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நான் சிரித்தேன். ஆனால் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு பழகத்தான் செய்தார்.

அன்று என் தையல் கடைக்குத்தான் கண்ணாடி. நானும் வேனில் உட்கார்ந்திருந்தேன். குறுகலான பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை. அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. கை ஹாரன் பக்கம் போனது. "கண்ணாடி, கண்ணாடி" என்று முணுமுணுத்து, கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். பாலம் முடிந்ததும் கார் ஓரம் கட்டியது. நாங்கள் கடந்து போனோம்.

கண்ணாடியை இறக்கி முடிக்கவும் முதலாளியிடமிருந்து போன் வந்தது. அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் கைப்பேசியை நீட்டி, ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஏம்ப்பா, பாலத்துல ஊர்கோலமா போன? பின்னால வந்த ஒருத்தன் கூப்பிட்டுக் கத்துறான்!"

போச்சு என்று நினைத்தேன். கோபப்பட்டு இரண்டு புகார், பொறுமையாக இருந்து ஒரு புகார். இது என்ன நியாயம்? எனக்கே அழுகை வந்துவிட்டது.

"முன்னால ஒரு கார் மெதுவா போச்சு முதலாளி..." என்று இழுத்தார் அத்தான்.

"தெரியும்யா. அந்தக் கார்க்காரரும் கூப்பிட்டார். ஆபரேஷன் பண்ண சம்சாரத்தப் பின்சீட்டுல படுக்க வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாராம். தையல் இன்னும் பிரிக்கலயாம், குலுங்கினா உயிர் போகுதாம். வேன்காரர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கலன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சுபோறார். நம்ம வேன்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு!" முதலாளி சிரித்த சிரிப்பில் கைப்பேசி அதிர்ந்தது. "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

அத்தான் அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"வேலை போயிடுச்சாடி?" என்றாள் எடுத்ததுமே.

அத்தான் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். "போகல. அந்தக் கார்ல நெசமாவே கண்ணாடி இருந்துச்சு."